தண்ணீர் வரவில்லை என்றால் கரையோடு நடந்து பார்க்க வேண்டும்

கேள்வி: அரசுப் பள்ளிகளுக்கு நிதி குறையும்போது பெற்றோரால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

முடியும். நாங்கள் செய்து பார்த்தோம். கேட்டதில் ஒன்று கிடைத்தது, இன்னொன்று இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

எனக்குத் திருவாரூர் மாவட்டம், வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடைப் பக்கம் ஓர் ஊர். மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது என் பெயரையும் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்துப் போடுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பரில் சம்பாவுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் மகளின் பையைத் திறந்தால், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் நிரப்பினபடியே இருந்தது. மூடியைக்கூடத் திருகவில்லை. "ஏண்டி தண்ணியே குடிக்கல?" என்றேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. கக்கூஸ் பூட்டிக் கெடக்கு" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றாள். காலை ஒன்பது மணியிலிருந்து நாலரை வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வயலில் இதைச் சொன்னதும் பக்கத்து நிரையில் இருந்தவர், "எங்க வீட்டுப் புள்ளையும் அப்படித்தாங்க்கா, நீர்க்கடுப்புன்னு ஊசி போட்டுட்டு வந்தோம்" என்றார். எல்லா வீட்டிலும் இருந்த சங்கதி, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

எச்.எம். டீச்சரைப் போய்ப் பார்த்தோம். சுத்தம் செய்ய வந்துகொண்டிருந்த அக்காவுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கைக்காசு போட்டு ஃபினாயில் வாங்கி எத்தனை நாள் அவர் வருவார்? அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். டீச்சர் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் போடும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 பேர் வரை இருந்தால் வருடத்துக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. எங்கள் பள்ளியில் முன்பு 108 பிள்ளைகள் இருந்தார்கள், அப்போது 97. பதினோரு பிள்ளைகள் குறைந்ததில் மானியம் பாதியாகிவிட்டது. சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், சுத்தம் செய்யும் சாமான் எல்லாம் அந்தக் காசில்தான். அந்த வருடம் அதுவும் காலத்தில் வரவில்லை.

வராததற்குக் காரணம் பெரியது. சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு போட வேண்டும். 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்ட திட்டத் தொகை 3,586 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 2,152 கோடி. புதிய கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று அந்தப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கை பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி, பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய பணத்தைப் பிடித்து வைத்துப் பேரம் பேசுவது தப்பு. இதை எங்கள் தொகுதி எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் தபால் அட்டையில் எழுதினோம். பதில் வரவில்லை. ஆனாலும் எழுதியது வீண் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் கழிவறை பூட்டியதற்கு அந்த 2,152 கோடி காரணம் இல்லை என்பதுதான் பிறகு தெரிந்தது. இந்த இடத்தில்தான் இரண்டு மாதத்தைத் தொலைத்தோம். கல்வி அலுவலகத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு திறப்பதும் அடைப்பதும்தான் அவருடைய ஆயுள் வேலை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா மேட்டூரையா திட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க? எந்த மதகு அடைச்சிருக்குன்னு கரையோட நடந்து பாருங்க" என்றார்.

நடந்து பார்த்தோம். ஒரே பள்ளிக்கூடம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காசு வரும் வழி வேறு. ஆசிரியர் பணியிடம் கல்வித் துறை. சத்துணவு சமூக நலத் துறை. சிறப்புப் பயிற்றுநர், பள்ளி மானியம் சமக்ர சிக்‌ஷா. எங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால் கட்டடப் பராமரிப்பு யூனியன் ஆபீஸ். சுத்தம் செய்யும் அக்காவின் சம்பளமும் யூனியன் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அங்கே ஒரு பட்டியல் கையெழுத்தாகாமல் கிடந்தது. நாங்கள் தட்டிக்கொண்டிருந்தது வேறு கதவு.

இதற்கு நடுவே சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "மாசா மாசம் அந்தம்மா சம்பளத்தை நான் அனுப்புறேன்" என்றார். நல்ல மனசு. குழுவில் பாதிப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் அனுப்புகிற வரைக்கும் அந்தச் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு என்பதே மறந்து போகும். அவருக்கு அங்கே வேலை போனால் அதோடு இங்கே கழிவறையும் பூட்டிக்கொள்ளும். அப்போது போய்க் கேட்டால், "இவ்வளவு நாள் எப்படி நடத்தினீங்களோ அப்படியே நடத்துங்க" என்பார்கள். சண்டையே வந்துவிட்டது. கடைசியில் சுவருக்கு வண்ணம் அடிக்கவும் இரண்டு மின்விசிறிக்கும் அவரிடம் வாங்கிக்கொண்டோம். நன்கொடையாகப் பொருள் வாங்கலாம், சம்பளம் வாங்கக்கூடாது என்று குழுவில் எழுதியே வைத்துவிட்டோம். உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். 16 வீட்டு அம்மாமார் ஐந்து நாள் சாயங்காலம் பாட்டிலைத் திறந்து பார்த்து, காலி, பாதி, முழுசு என்று எழுதினோம். எழுதத் தெரியாதவர்களுக்கு என் மகளே எழுதிக் கொடுத்தாள். பெரும்பாலும் "முழுசு", "முழுசு" என்றே இருந்தது. அந்த நோட்டின் நகலை வைத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று இருக்கிறது. 22ஆம் பிரிவில் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசோ உள்ளாட்சியோ திட்டமும் நிதியும் வகுக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்த இரண்டு பிரிவையும் தீர்மானத்திலேயே எழுதினோம். அதற்கப்புறம் பேசுகிற தொனியே மாறியது.

2025 ஜனவரி 26 கிராம சபைக்குப் போனோம். அந்த மாதம்தான் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்திருந்தார். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் உரிமையோடு கேட்கலாம், இவரிடம் எப்படி என்று தயக்கமாகத்தான் இருந்தது. நோட்டைக் கையில் கொடுத்தோம். அவர் இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். "முழுசுன்னா என்னம்மா?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தீர்மானம் பதிவானது. பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கினோம். மார்ச்சில் அக்காவுக்கு மூன்று மாதப் பாக்கி வந்தது. கழிவறை திறந்தது.

ஒரு நடைமுறை விஷயம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டம் என்றால் கூலிக்குப் போகிற எந்தத் தாயும் வர முடியாது. அரை நாள் கூலி போய்விடும். நாங்கள் தீர்மானத்துக்கு முந்தின ராத்திரி மாரியம்மன் கோயில் வாசலில் பேசி முடிவு செய்துகொண்டு, முறை வைத்து ஆள் அனுப்பினோம். நடவு, களை, அறுவடை நாள் பார்க்காமல் தேதி வைத்தால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பழிதான் மிஞ்சும்.

கிடைக்காதது, மூன்றாம் வகுப்பறையின் கூரை. 2018 கஜா புயலில் அடிபட்ட கட்டடம். மழை பெய்தால் உத்தரத்தோரம் ஒழுகுகிறது, காரை பெயர்ந்து விழுகிறது. கட்டடப் பாதுகாப்பு என்றால் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு வயிற்றில் ஒரு பயம் உண்டு. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளியிலும் ஒரு வகுப்பு கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. சில நாளில் ஆள் வந்து பிரித்துப் போட்டார்கள், நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தோம். அது ஆபத்து என்று அதற்கு முன்னால் தெரியாதா? தெரிந்தவர்கள் எழுதிக் கேட்டிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன். அதனால்தான் காரை விழுந்த ஒவ்வொரு நாளையும் தேதி போட்டுப் படம் எடுத்து வைக்கிறோம்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் காப்பாற்றுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டே ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாமவர். ஒரு பிள்ளை வேன் ஏறிப் போனால் ஒரு டீச்சரே போகலாம். நாங்கள் மே மாதமே வீடு வீடாகப் போனோம். ஏழு பிள்ளைகளைச் சேர்த்தோம்.

கூரைக்கு யூனியனிலிருந்து இன்ஜினீயர் வந்து அளந்துவிட்டுப் போனார். மதிப்பீடு போட்டாயிற்று, நிதி இல்லை என்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்டு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த கிராம சபைக்கும் அதே தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம், படங்களோடு.