பெசன்ட் நகர் கடலில் பிள்ளைகளை விளையாட விடலாமா? தண்ணீரை யாராவது சோதிக்கிறார்களா?

சோதிக்கிறார்கள். 1991 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இந்தியக் கடலோரத்தில் குறிப்பிட்ட இடங்களில் நீர் எடுத்துப் பார்த்து வருகிறது. இப்போது அதை நடத்துவது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். கடல் வேதியியல் படித்துவிட்டு இதே மாதிரி வேலையைக் கொஞ்ச காலம் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

குளிக்கத் தகுந்த கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. அதில் நான் முதலில் பார்ப்பது இரண்டு. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மலத்திலிருந்து வரும் கோலிபார்ம் பாக்டீரியா 100 மில்லிக்கு 100-ஐத் தாண்டக் கூடாது.

ஆக்சிஜன் பார்க்க விங்க்ளர் என்ற வேதியியலாளர் 1888-இல் சொன்ன முறையை இன்றும் நம்புகிறோம். சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்பி, படகிலேயே மாங்கனீசுக் கரைசலும் கார அயோடைடும் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நல்ல கடல்நீர் என்றால் தென்னைநார்த் தூள் நிறத்தில் படிவு இறங்கும். கூவம் முகத்துவாரத்தில் வற்றத்தின்போது எடுத்த நீரில் அது வெள்ளையாகவே நின்றுவிடும். ஆக்சிஜனே இல்லை என்று அர்த்தம். அந்த வெள்ளையைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

பாக்டீரியா சங்கதி வேறு. நீரை வடிகட்டி, வடிதாளைப் பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் வைத்து, 44.5 டிகிரியில் ஒரு நாள் வளர்த்துத்தான் எண்ண முடியும். நீங்கள் குளித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிவே வரும். அதனால் கடலின் போக்கைத் தெரிந்துகொள்வது பரிசோதனை அளவுக்கு முக்கியம்.

பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாறு முகத்துவாரம். தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வடக்கே போகிறது, ஆற்றுக் கழிவு பட்டினப்பாக்கம் பக்கம் ஒதுங்கும். வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்பி உங்கள் கரைக்கே வரும். அப்போதுதான் மழை, ஆறு புரண்டு முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு ஊர்ச் சாக்கடையை எல்லாம் கொண்டுவந்து கொட்டும். அந்த மாதங்களில், அதுவும் பெருமழை விட்ட முதல் சில நாட்கள், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக் கொடிச் சான்றை 2021-இல் வாங்கிய, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில், நீரின் தரத்தைக் கரையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது சான்றின் நிபந்தனை. கூட்டம் அலைமோதும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில்தான் அப்படி ஒரு பலகை முதலில் வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எடுக்கும் அளவு மக்கள் கால் நனைக்கும் இடத்தில் தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

அதுவரை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கடல் ஏறும் காலை நேரத்தில், முகத்துவாரத்தை விட்டுத் திருவான்மியூர் பக்கமாக நகர்ந்து போங்கள். முழங்காலுக்கு மேல் வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம். காலில் புண் இருக்கிற பிள்ளையை மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.