எக்ஸ், ஒய் குரோமோசோம் பத்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க கேட்டதும் என் பதிலும்

ஜெனடிக் லேப்ல வேலை பாக்கறேன், நீங்க கேட்டதுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

பென்னாகரம் அக்கா: ரெண்டும் பொண்ணுன்னு மாமியார் என்னையே திட்டறாங்க, குறை யார்கிட்டங்க?

யார்கிட்டயும் குறையே இல்லக்கா. ஜீன்கள சுமக்கற இழைங்கதான் குரோமோசோம், உங்ககிட்ட இருக்கறது ரெண்டும் எக்ஸ், அததான் குடுக்க முடியும், வீட்டுக்காரர் விந்தணுல பாதி எக்ஸ் பாதி ஒய், எக்ஸ் சேந்தா பொண்ணு, ஒய் சேந்தா பையன், அது அவர் கையிலயும் இல்ல. 1905லயே நெட்டி ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா மாவுப்புழுவ வெச்சு ஆணா பொண்ணாங்கறத ஒய்தான் முடிவு பண்ணுதுன்னு காட்டிட்டாங்க. பொண் குழந்தைய கொல்லாம அரசுகிட்ட ஒப்படைக்க வெச்ச தொட்டில் குழந்தை திட்டம் தேவைப்பட்ட நம்ம ஜில்லாவுல இன்னமும் இந்த பேச்சு ஓயலங்கறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

பாலக்கோடு அக்கா: என் தம்பிக்கு ஹீமோபிலியா. அவனுக்கே என் பொண்ண கட்டிக்குடுக்க சொல்றாங்க.

அவசரப்படாதீங்க, டெஸ்ட் முடியாம வெத்தலபாக்கு மாத்தாதீங்க. ரத்தம் உறையற ஜீன் எக்ஸ்ல இருக்கு, ஆம்பளைக்கு ஒரே எக்ஸ், அதுல பழுதுன்னா லேசா விழுந்தாலும் முட்டி வீங்கிரும், பொம்பளைக்கு இன்னொரு எக்ஸ் பெரும்பாலும் சமாளிச்சுரும். உங்கம்மா கேரியரா, அதாவது பழுதான ஜீன ஒரு எக்ஸ்ல சுமக்கறவங்களா இருந்தா நீங்களும் கேரியரா இருக்க பாதிக்கு பாதி வாய்ப்பு, பொண்ணுக்கு கால்வாசி. அவ கேரியரா இருந்து மாமனையே கட்டினா பொறக்கற பசங்கள்ல பாதிப் பேருக்கு மட்டுமில்ல, பொண்ணுங்கள்லயும் பாதிப் பேருக்கு நோய் வரலாம், வெளியில குடுத்தாலும் பசங்களுக்கு அதே ரிஸ்க் இருக்கு, ஆனா பொண்ணுங்களுக்கு அந்தளவு வர்றது அபூர்வம். மொதல்ல தம்பிக்கு ஜீன் டெஸ்ட் எடுங்க, அதுல வர்ற மாற்றம் உங்களுக்கு இருக்கான்னு பாருங்க, அப்புறம் பொண்ணுக்கு. ரத்தம் உறைய வைக்கற புரதமான ஃபேக்டரோட அளவு நார்மல்னு வந்தா கேரியர் இல்லன்னு நெனச்சிராதீங்க. தம்பிக்கு பல்லு புடுங்கறதுன்னா கூட முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

ஓசூர்லருந்து ஒரு அப்பா: பொண்ணுக்கு பதினாலு வயசு, ரொம்ப குள்ளம், இன்னும் வயசுக்கு வரல.

கோயில் பரிகாரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ங்க, கேரியோடைப்னு குரோமோசோம்கள பாக்கற ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க. ஒரு எக்ஸ் இல்லாம போனா டர்னர் சிண்ட்ரோம், சுமார் 2500 பொண்ணுங்கள்ல ஒருத்தருக்கு வரும். அப்படி இருந்தா இதயத்துக்கு எக்கோ கட்டாயம், உயரத்துக்கான ஊசி எலும்பு மூடறதுக்குள்ள போட்டாத்தான் பலன், அதனால லேட் பண்ணாதீங்க.

ஊத்தங்கரை தம்பி: விந்தணு ஜீரோ, எக்ஸ்எக்ஸ்ஒய்னு ரிப்போர்ட் வந்திருக்கு.

ஒரு எக்ஸ் கூடுதலா இருக்கற இதுக்கு பேரு க்ளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் தம்பி, நீ ஆம்பளதான், அதுல சந்தேகமே வேணாம். யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி இப்பவே போட்டுக்காத, இருக்கற கொஞ்ச நஞ்ச விந்தணு உற்பத்தியும் அதுல நின்னுரும், சிலருக்கு விரையிலருந்தே ஆபரேஷன்ல விந்தணு எடுக்க முடியுது, மொதல்ல ஆண்மருத்துவ டாக்டர பாரு.