ஐஸ் தண்ணீரில் கடோலினியம்

அன்புள்ள ஐயா,

அருமண் உலோகிடைச் சேர்மங்களின் (நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் பிற உலோகங்களோடு சேர்ந்தவை) காந்தப் பண்புகளை ஆராயத் தொடங்கியிருக்கிறேன். வெப்பப் பண்புகளையும் அளக்கச் சொல்கிறார் நெறியாளர். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றுகிறது. நியோடிமியம் காந்தம் இருக்கும்போது மற்றவை எதற்கு? இத்துறையில் வேலை கிடைக்குமா?

கா., சென்னை

அன்புள்ள கா.,

வேலை கிடைக்குமா என்று சொல்ல நான் சோதிடன் அல்ல. நியோடிமியம் சேர்மம் ஏறக்குறைய 312 டிகிரி செல்சியசில் காந்தத்தன்மையை இழந்துவிடும், சமாரியம்–கோபால்ட்டோ 700 டிகிரியைத் தாண்டியும் தாங்கும் என்பதே 'மற்றவை எதற்கு' என்ற உங்கள் கேள்விக்குப் போதும். ஆனால் 'வீண் வேலை' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை என்னால் விட முடியவில்லை.

நான் மாணவனாக இருந்தபோது, ஒரு மே மாத மதியம், மின்விசிறி மட்டுமே ஓடிய ஆய்வகத்தில் என் ஆசிரியர் நூலில் கட்டிய, கடோலினியம் என்ற அருமண் உலோகத் துண்டைப் பழைய லாடக் காந்தத்தின் அருகே தொங்கவிட்டார்; அது அசையக்கூட இல்லை. டீக்கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸைத் தம்ளர் தண்ணீரில் போட்டு, துண்டைச் சற்று நேரம் அதில் அமிழ்த்தி எடுத்தார். உடனே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு எங்கள் கண் முன்னேயே வெதுவெதுப்பாகி, மெல்ல நழுவி விழுந்தது. அதன் கியூரி வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை, சுமார் 20 டிகிரி. மார்கழி விடியற்காலையிலும் அதற்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் ஊரில், ஏசி இல்லாமல் கடோலினியம் காந்தமாவது கடினம்.

அந்தத் துண்டில் காந்தத்தையும் வெப்பத்தையும் எங்கே பிரிப்பீர்கள்? கடோலினியம் அயனி ஒரு குட்டிக் காந்தம்; அதன் காந்தத் திருப்புத்திறன் எட்டு திசைநிலைகளில் நிற்கலாம். ஆகவே ஒழுங்கு முழுவதும் குலைந்த நிலையில் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 17.3 ஜூல்/கெல்வின் காந்த என்ட்ரோபி, அதாவது காந்த ஒழுங்கின்மையின் அளவு, இருக்கும். அது முழுமையாக வெளிப்பட்டதா என்பதைத் தன்வெப்பம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் வரைகோட்டிலிருந்துதான் கணக்கிட முடியும்; அதற்கு முன், காந்தமற்ற லாந்தனத்தைக் கடோலினியத்தின் இடத்தில் இட்ட சேர்மத்தையும் அளந்து, படிக அணிக்கோவையின், அதாவது அணுக்களின் அதிர்வின், பங்கைக் கழித்தாக வேண்டும். 1997-இல் பெச்சார்ஸ்கி, கிஷ்னெய்ட்னர் என்ற ஆய்வாளர்கள் கடோலினியம்–சிலிக்கான்–ஜெர்மானியம் சேர்மத்தில் கண்ட பெரும் காந்தவெப்ப விளைவில் (காந்தப்புலம் மாறும்போது பொருள் சூடாவதும் குளிர்வதும்) காந்த ஒழுங்கோடு படிக அமைப்பும் சேர்ந்தே மாறுகிறது. இத்தகைய, திடீரெனத் தாவும் முதல்வகை நிலைமாற்றத்தில் இரண்டு நிலைகளும் கலந்திருக்கும் இடத்தில், காந்தமாக்கத் தரவை மட்டும் எடுத்து காந்தமாக்கத்திலிருந்து என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிடும் மேக்ஸ்வெல் தொடர்பில் போட்டால் இல்லாத கூர்முனை ஒன்று எழும். அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியவர்களும் உண்டு! என் ஆய்வேட்டைப் பார்த்த ஒருவர், வெப்ப அளவீடுகள் இடத்தை அடைக்கின்றன என்று சொல்லி நீக்கச் சொன்னார். இளமையின் அச்சத்தில் நீக்கியும்விட்டேன். அந்தக் கோழைத்தனம் இன்றும் உறுத்துகிறது.

நீங்கள் சோம்பேறி அல்ல, தம்பி, அவசரக்காரர், அவ்வளவுதான். லாந்தனம் மாதிரியை முதலில் உருக்குங்கள். மின்வில்லால் உருக்கும் வில் உலையில் ஒரு முறை உருக்கியதோடு நிறுத்தாமல், திருப்பிப் போட்டு நான்கைந்து முறை உருக்கி, ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். என் ஆசிரியரின் அந்தத் துண்டு, சாம்பல் பூத்து, என் மேசையில் எண்ணெய்க் குப்பிக்குள் கிடக்கிறது. ஒரு நாள் வந்து பாருங்கள். வரும் வழியில் கொஞ்சம் ஐஸ் வாங்கி வாருங்கள்.