மூணு சக்கர ஸ்ட்ரோலர் இருக்கட்டும், உங்க கார்டு இப்ப யார் கையில இருக்கு?

கேள்வி: வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாம்ல பிளாட்ல இருக்கோம். எனக்கு வயசு 29, பாயான் லெப்பாஸ் பேக்டரியில வேலை, கைக்கு 3,150 வெள்ளி (ரிங்கிட்) வரும். வீட்டுக்காரர் டெலிவரி வேன் ஓட்டுறார், அவருக்கு சுமாரா 2,800. பிள்ளைக்கு ரெண்டு மாசம் ஆகுது, லீவு முடிஞ்சு அடுத்த மாசம் நான் வேலைக்கு போகணும், பிள்ளை பார்த்துக்கிறவங்களுக்கு 550 கொடுக்கணும். பேபி எக்ஸ்போவுல ஒரு மூணு சக்கர ஸ்ட்ரோலர் பார்த்தோம், காத்து டயர், சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கு, 3,290 வெள்ளி, 12 மாசத் தவணைக்கு வட்டி இல்லையாம். பிள்ளையை வச்சு தள்ளிக்கிட்டே ஓடலாம்னு அவருக்கு ஆசை. என் கார்டு லிமிட் 10,000, ஏற்கனவே 7,200 பாக்கி. அதுல பாதிக்கு மேல கொழுந்தனாரோடது, மோட்டார் ரிப்பேருக்கும் போனுக்கும் எடுத்தார், இப்பவும் பெட்ரோலுக்கு என் கார்டைத்தான் எடுத்துட்டு போவார், கையில கிடைக்கும்போது காசா கொடுத்துடுவார், ஏமாத்துற ஆள் இல்ல. மாசா மாசம் மினிமம் தவறாம கட்டுறேன், ஆனாலும் ஒரு வருஷமா பாக்கி 7,000த்துக்கு கீழ இறங்கல. நாத்தனார் தன்னோட கார்டுல வாங்கித் தரேன், நீ எனக்கு மாசம் கொடுத்துடுங்கிறாங்க. இபிஎப் (ஊழியர் சேமநிதி) பிளெக்சிபல் கணக்குல 1,400 இருக்கு, தொட்டில் போட்டப்ப வந்த மொய் 900 இருக்கு. அதையெல்லாம் எடுத்து வாங்கலாமா, இல்ல 1,100க்கு வேற ஒரு மூணு சக்கரம் இருக்கு, அதை பார்க்கலாமா? இதையே யோசிச்சு ராத்திரி தூக்கம் வரல.

பதில்: தங்கச்சி, பிள்ளைக்கு என் வாழ்த்து. செலவை எழுதி வைங்க, சிக்கனமா இருங்கன்னு உங்களுக்கு நான் சொல்லவே வேணாம், நீங்க கொடுத்த கணக்கைப் பார்த்தாலே தெரியுது காசோட அருமை தெரிஞ்ச ஆள்னு. 3,290ஆ 1,100ஆங்கிறதும் பெரிய விஷயம் இல்ல, அதுக்கு கடைசியில வரேன். உங்க கடிதத்துல என்னை நிறுத்துன வரி ஒன்னுதான், "கையில கிடைக்கும்போது காசா கொடுத்துடுவார்".

அந்தக் காசு எங்க போகுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கொழுந்தனார் 200 வெள்ளியை கொண்டு வந்து மேசையில வைக்கிறார், அன்னைக்கு சாயங்காலமே பேம்பர்ஸ் வாங்கணும், கேஸ் தீர்ந்திருக்கும், மார்க்கெட்டுக்கு போகணும், ரெண்டு நாள்ல 200 கரைஞ்சிடும். அவர் மனசுல கடனை அடைச்சாச்சு, உங்க மனசுலயும் வாங்கியாச்சு, ஆனா பேங்க் கணக்குல ஒரு காசு கூட குறையல, அது அப்படியே வட்டியோட உட்கார்ந்திருக்கு. அவர் ஏமாத்துறவர் இல்லன்னு எழுதியிருக்கீங்க, நான் நம்புறேன், அதனாலதான் இது இவ்ளோ நாள் யார் கண்ணுக்கும் படாம ஓடியிருக்கு.

தோராயமா கணக்கு போடுவோம். 12 மாசம் விடாம மினிமத்தை தேதிக்குள்ள கட்டுறவங்களுக்கு கார்டு வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம், ஒன்னு ரெண்டு மாசம் தவறினா 17, அதுக்கு மேல தவறினா 18, இது நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா வச்ச உச்சவரம்பு. நீங்க ஒழுங்கா கட்டுறதால 15ன்னே வச்சுக்குவோம். 7,200க்கு மாசம் 90 வெள்ளி வட்டி. மினிமம் 5 சதவீதம், அதாவது 360. அதுல 90 வட்டிக்கு போக 270 அசல்ல குறையணும். ஆனா கொழுந்தனாரோட பெட்ரோல், டாப் அப், அது இதுன்னு மாசம் 250, 300 திரும்ப ஏறிடுது, அதனாலதான் பாக்கி நகரவே மாட்டேங்குது. வட்டி மட்டும் வருஷத்துக்கு 1,080 வெள்ளி. நீங்க வாங்கலாமா வேணாமான்னு தூங்காம யோசிக்கிற அந்த 1,100 வெள்ளி ஸ்ட்ரோலரோட விலை கிட்டத்தட்ட அதுதான், போன வருஷமே அது பேங்குக்கு போயாச்சு.

இன்னொன்னு, இது நிறைய பேருக்கு தெரியாது. கார்டுல வாங்கினா 20 நாள் வட்டி கிடையாதுன்னு சொல்வாங்க இல்ல, அது போன மாச பில்லை முழுசா கட்டினவங்களுக்கு மட்டும்தான். பாக்கி வச்சுக்கிட்டே கார்டை தேச்சா அந்த 50 வெள்ளி பெட்ரோலுக்கும் கணக்குல ஏறின நாள்ல இருந்தே வட்டி ஓடும். அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துடுறேன்னு அவர் சொன்னாலும் அந்த மாசம் உங்களுக்கு வட்டி வரத்தான் செய்யும்.

இப்ப புது செலவு எதுவும் இல்லாம, மினிமம் எவ்ளோ வருதோ அதை மட்டும் கட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்? பாக்கி குறைய குறைய மினிமமும் 340, 320ன்னு குறைஞ்சுக்கிட்டே வரும், பார்க்க சுகமா இருக்கும், ஆனா முழுசா அடைய ஆறு வருஷத்துக்கு மேல ஆகும், பிள்ளை தமிழ்ப்பள்ளியில ஒன்னாம் ஆண்டுக்கு பேர் கொடுக்கிற வயசுக்கு வந்துடும். அதே 360ஐ பேங்க் என்ன கேட்டாலும் குறைக்காம பிடிவாதமா மாசா மாசம் கட்டினா ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும். கொழுந்தனார் அதோட 240 சேர்த்தா, அதாவது மாசம் 600 போனா, 13 மாசம், வட்டி மொத்தமே 650 பக்கம்தான். புதுசா சம்பளம் வேணாம், கடன் வேணாம், கார்டு தேய்க்கிறதை நிறுத்தினா போதும்.

அதனால இந்த வாரமே கார்டை கையில வாங்கிட்டு பின் நம்பரை மாத்துங்க. கோவம் காட்ட இல்ல, அந்த நம்பரை வேற ஆளுக்கு கொடுத்ததே கார்டு நிபந்தனைக்கு விரோதம், நாளைக்கு கார்டு தொலைஞ்சு யாராவது தேச்சுட்டா நான் செய்யலன்னு பேங்க்ல சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது. கொழுந்தனார்கிட்ட நீங்க பேசாதீங்க, வீட்டுக்காரர் பேசட்டும், அண்ணன் தம்பி பேச்சா இருக்கட்டும், இல்லனா வந்த மருமகதான் குடும்பத்தை பிரிக்கிறான்னு பேச்சு வரும், இது எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான். "தம்பி, பிள்ளை வந்துடுச்சு, அண்ணி வேலைக்கு போறா, கார்டை மூடப்போறோம், உன் பங்கு எவ்ளோன்னு உட்கார்ந்து பார்த்துடலாம்" இவ்ளோ போதும். ஸ்டேட்மெண்டை எடுத்து பேனாவால அவர் செலவை எல்லாம் கோடு போட்டு கூட்டுங்க. 4,000 வருதோ 4,300 வருதோ அதை ஒரு தாள்ல எழுதுங்க, வட்டியிலயும் அவர் பங்கு இருக்கு, அதை கேட்க சங்கடப்படாதீங்க. பணம் உங்க கைக்கு வரவே கூடாது, சம்பளம் வந்த அன்னைக்கே அவர் போன்ல இருந்து நேரா கார்டு கணக்குக்கு போடணும், போட்டதும் உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும். ரெண்டு மாசம் போட்டு மூணாவது மாசம் நிறுத்திட்டார்னா சண்டைக்கு போகாதீங்க, உங்க 360ஐ விடாம கட்டுங்க, கார்டு மட்டும் திரும்ப அவர் கைக்கு போகவே கூடாது. அந்த 360ஏ கஷ்டம்னு வந்துட்டா ஏகேபிகே இருக்கு, கடன் ஆலோசனைக்குன்னே பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க, சம்பளச் சீட்டும் ஸ்டேட்மெண்டும் எடுத்துட்டு போனா உட்கார்ந்து பார்ப்பாங்க. பேஸ்புக்ல கடனை குறைச்சுத் தரோம்னு பீஸ் கேட்கிறவங்க பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க.

நாத்தனார் சொன்னது நல்ல மனசோடதான். ஆனா நீங்க கொழுந்தனாருக்கு செஞ்சிட்டு இருக்கிறதைத்தான் அவங்க உங்களுக்கு செய்ய கேட்கிறாங்க, ஒரு மாசம் நீங்க தாமதமாக்கினா அவங்க கார்டுல வட்டி ஏறும், அடுத்த தீபாவளிக்கு அது பேச்சா வரும். வேணாம். உங்க சொந்த கார்டுல போடலாம்னா 7,200வும் 3,290வும் சேர்ந்தா 10,490, லிமிட்டே தாண்டிடுது, அதுவே பதில். வட்டி இல்லாத தவணைன்னாலும் மாசம் 274 கட்டியாகணும், பிள்ளை பார்க்கிறவங்களுக்கு 550, ரெண்டும் சேர்ந்தா புதுசா 824 வெள்ளி ஒரே மாசத்துல உங்க தலையில வந்து விழும். எக்ஸ்போ கடைக்காரங்க அடுத்ததா பேலேட்டர்ல, அதாவது இப்ப வாங்கி அப்புறம் கட்டுற ஆப்ல, மூணா பிரிச்சுக்கலாம்னு சொல்வாங்க, ஆப்ல ரெண்டு தடவை தட்டினா முடிஞ்சிடுதுங்கிறதுதான் எனக்கு அதுல பயமே, கார்டு பில்லாவது மாசம் ஒரு தடவை கண்ணுல படும், இது அஞ்சு ஆறு சின்னச் சின்ன தவணையா பிரிஞ்சு எதுக்கு எவ்ளோன்னு தெரியாமலே போயிடும். அதே எக்ஸ்போவுல பிள்ளைக்கு முதலீட்டோட சேர்ந்த இன்சூரன்ஸ்னு பாரம் நீட்டுவாங்க, கார்டு பாக்கி இருக்கிற வரைக்கும் அதுலயும் கையெழுத்து போடாதீங்க.

இபிஎப் விஷயம். 2024 மே மாசத்துல இருந்து நம்ம சந்தா மூணு கணக்கா பிரியுது, 10 சதவீதம் பிளெக்சிபல்ல விழுது, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுக்க முடியுதுங்கிறதுக்காக ஸ்ட்ரோலருக்கு எடுக்காதீங்க. ஆனா அதை தொடவே கூடாதுன்னும் நான் சொல்லமாட்டேன். இபிஎப் 2024க்கு 6.30 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்தாங்க, கார்டு 15 சதவீதம் வாங்குது, இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா அந்த 1,400ஐ எடுத்து கார்டுல போடுறதுதான் லாபம், வருஷத்துக்கு 120 வெள்ளி பக்கம் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை, கார்டு உங்க கைக்கு வந்து பின் மாறி ரெண்டு மூணு மாசம் யாரும் தேய்க்காம இருந்த பிறகுதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா லிமிட்ல இடம் காலியாகும், அந்த இடத்தை யாராவது நிரப்பிடுவாங்க, இபிஎப்பும் போச்சு கடனும் அப்படியே இருக்கும். நிறைய வீட்டுல இதுதான் நடந்திருக்கு.

சரி, வண்டிக்கு வருவோம். மூணு சக்கர வண்டி மோசம்னு நான் சொல்லல, நல்ல சாமான்தான். பெரிய காத்து டயர் புல்லுலயும் கல்லு ரோட்டுலயும் குலுங்காம போகும், முன் சக்கரத்தை நேரா லாக் பண்ணலாம், பஞ்சர் ஆனா சைக்கிள் கடையிலயே ஒட்டிடுவாங்க. ஆனா உங்க வீட்டுக்காரரோட ஆசைக்கு இன்னும் காலம் இருக்கு. ரெண்டு மாசப் பிள்ளைக்கு கழுத்து நிக்காது, ஆறு மாசத்துக்கு முன்னாடி பிள்ளையை வச்சுக்கிட்டு ஓடக்கூடாது, அதுக்கு அப்புறமும் கிளினிக்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் ஓடணும். அதோட மூணு சக்கரம் இருந்தாலே ஓடுறதுக்கு செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, நிறைய மாடல் நடக்கிறதுக்கு மட்டும்தான், புத்தகத்துல ஓடலாம்னு போட்டிருக்கணும், கையில மாட்டுற பட்டியும் வேணும். இப்ப வாங்கினா நாலு மாசம் சும்மா வீட்டு வாசல்ல நிக்கும்.

நீங்க எங்க போவீங்கன்னும் பாருங்க. ஜார்ஜ்டவுன்ல லெபோ பாசார் பக்கம் துணி எடுக்க போனா அஞ்சடி நடைபாதையில கடைக்கு கடை மேடு பள்ளம், நடுவுல மோட்டார் நிறுத்தி வச்சிருப்பாங்க, அகலமான வண்டி அதுல நுழையாது. தண்ணீர்மலை கோயிலுக்கு போனா படிக்கட்டு, எந்த வண்டியா இருந்தாலும் கீழதான் நிக்கணும். பொட்டானிக் கார்டன், யூத் பார்க் மாதிரி இடத்துக்கு வாராவாரம் போவீங்கன்னா மூணு சக்கரம் உபயோகம்தான். ஒத்தை முன் சக்கரம்ங்கிறதால மேட்டுல இருந்து சாய்வா இறக்கினா பக்கவாட்டுல சாயும், கைப்பிடியில மார்க்கெட் பையை மாட்டினா பின்னாடி கவிழும், இந்த ரெண்டையும் வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

கடிதத்துல கார் சீட் பத்தி ஒரு வரி கூட இல்ல, ஸ்ட்ரோலரை விட அதுதான் என்னை யோசிக்க வச்சது. 2020 ஜனவரி 1ல இருந்து காடியில பிள்ளைக்கு தனி சீட் சட்டப்படி கட்டாயம், மடியில வச்சுக்கிட்டு போறது பாதுகாப்பே இல்ல, பிரேக் அடிச்சா எந்த தாயாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. மொய் காசு 900ல முதல் செலவு அதுதான். பின்னோக்கி வைக்கிற மாதிரி, ஆர்44ஓ ஆர்129ஓ ஏதாவது ஒரு பாதுகாப்பு லேபிள் ஒட்டியிருக்கிறதா புதுசா வாங்குங்க, சாதாரண சீட்டு 500க்குள்ள கிடைக்கும். ஸ்ட்ரோலரை பழசு வாங்கலாம், தெரியாத ஆள்கிட்ட கார் சீட்டை பழசு வாங்காதீங்க, அது ஏற்கனவே அடிபட்டதான்னு வெளிய பார்த்தா தெரியாது.

மிச்சம் இருக்கிற 400ஐ அப்படியே தொடாம வைங்க. நாலு மாசம் துணியை உடம்போட தூளியா கட்டி பிள்ளையை தூக்கிக்கலாம். பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகி உட்கார ஆரம்பிச்சதும் மூடா, கேரௌசல் மாதிரி பழைய சாமான் விக்கிற ஆன்லைன் இடத்துல தேடுங்க, எக்ஸ்போ சூட்டுல வாங்கி ரெண்டு தடவை தள்ளிட்டு விக்கிறவங்க நிறைய இருக்காங்க, பாதி விலைக்கும் கம்மியா வரும். பார்க்கப் போறப்ப முன் சக்கரம் ஆடுதான்னு தள்ளிப் பாருங்க, பிரேக் ரெண்டு பக்கமும் பிடிக்குதான்னு சரிவுல நிறுத்திப் பாருங்க, அஞ்சு பட்டி பெல்ட் பூட்டு சரியா விழுதான்னு பாருங்க, துணியை மோந்து பாருங்க, நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சை பிடிச்சிருந்தா எவ்ளோ கழுவினாலும் வாடை போகாது. கிளம்புறதுக்கு முன்னாடி டேப் எடுத்து பிளாட் லிஃப்ட் கதவையும் காடியில பின்னாடி சாமான் வைக்கிற இடத்தையும் அளந்து எழுதி வச்சுக்கோங்க. சின்ன காடியா இருந்தா மூணு சக்கரம் மடிச்சாலும் டயரை கழட்டினாத்தான் உள்ள போகும், ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையால அதை மடிக்க முடியுதான்னு விக்கிறவங்க முன்னாடியே செஞ்சு பாருங்க.