43 வயதில் கடலுக்கடியில் வேலை கிடைக்குமா?

கேள்வி: சார், எனக்கு 43 வயது. சவுதியில் ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டராக இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கமர்ஷியல் டைவிங் படித்தால் தண்ணீருக்கடியில் வெல்டிங் அடித்தே லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். கடல் எனக்குப் புதிதில்லை, சித்தப்பா சங்கு குளிக்கப் போனவர். வீட்டை அடமானம் வைத்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும். இறங்கலாமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகும் முன் டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டர் ஒருவரைப் பாருங்கள். வயது உங்களைத் தடுக்காது. பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெச்எஸ்இ அமைப்பின் விதிகளில்கூட வயது உச்சவரம்பு கிடையாது, ஆனால் வருஷா வருஷம் மருத்துவத் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். காது, நுரையீரல், இதயம், பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள், ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருந்தால் அங்கேயே சிக்கல். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகிப் படுத்துகிறது. வயதும் தொப்பையும் ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும். கம்ப்ரசர் குழாயோடு சங்குக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான், சித்தப்பாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

அப்புறம் இந்த வெல்டிங் ஆசை. தண்ணீருக்கடியில் வெல்டிங் நடக்கிறதுதான், ஆனால் ஒரு டைவரின் பெரும்பாலான நாள் அதில் போவதில்லை. பாசியைச் சுரண்டுவது, போல்ட் முடுக்குவது, பைப்லைனுக்கு அடியில் மணலை ஜெட் அடித்துத் தள்ளுவது, அதுவும் பல இடங்களில் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத கலங்கலில். சான்றிதழ் வாங்கினாலும் முதலில் டெண்டராகத்தான் எடுப்பார்கள், அதாவது டெக்கில் நின்று இன்னொருவருடைய காற்றுக்குழாயை, அம்பிலிக்கல் என்பார்களே, அதை விடுவதும் இழுப்பதும். உங்களை வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு உங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம், அவன் அதட்டும்போது பொறுத்துக்கொள்ளும் மனசு இருக்கிறதா என்று யோசியுங்கள், பலர் விட்டுவிட்டு வருவது இதனால்தான் என்பது என் அபிப்பிராயம். சம்பளமும் பெரும்பாலும் நாள் கணக்கு. மும்பை ஹை கடல் எண்ணெய் வயல் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டைவிங் பெரும்பாலும் நின்றுவிடும், அந்த மாதங்களில் கடன் தவணையை யார் கட்டுவது?

ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து வாரக்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கும் சாச்சுரேஷன் டைவிங்கில்தான் பெரிய பணம். அங்கே போய்ச் சேரவே வருஷக்கணக்கில் அனுபவம் வேண்டும், உங்கள் வயதில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துறைமுகம், அணைக்கட்டு, மின்நிலையத் தண்ணீர்க் குழாய் என்று கரையோர வேலையைக் குறி வைக்கலாம். அதையும் லேசாக நினைத்துவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் டிரினிடாட்டில் எண்ணெய்க் குழாய் பராமரிப்பில் இருந்த ஐந்து டைவர்களை அழுத்த வித்தியாசம் 30 அங்குலக் குழாய்க்குள் உறிஞ்சி இழுத்துவிட்டது, ஒருவர்தான் உயிரோடு வந்தார்.

நானாக இருந்தால் வேறு கணக்குப் போடுவேன். வெல்டு தெரிந்த உங்களுக்கு அதில் குறை கண்டுபிடிக்கும் என்டிடி பக்கம் போவது சுலபம். சிஎஸ்டபிள்யூஐபி 3.1யூ, 3.2யூ டைவர்களுக்கான இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ்கள், 3.3யூ ஆர்ஓவி என்கிற ரோபோ வண்டியின் கேமராவில் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறவருக்கு. கப்பலில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலைக்கு முழங்கால் வலி ஒரு பொருட்டில்லை. இல்லை, இறங்கியே தீருவேன் என்றால் டைவிங் பள்ளியில் ஒரே கேள்வி கேளுங்கள்: நீங்கள் தரும் சான்றிதழ், ஐஎம்சிஏ என்கிற சர்வதேசக் கடல்சார் கான்ட்ராக்டர்கள் சங்கம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் டைவர் சான்றிதழான ஏடிஏஎஸ் பார்ட் 3 மாதிரி 50 மீட்டர் வரை மேலிருந்து காற்று வாங்கும் பயிற்சி என்றால் சரி. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டை மட்டும் அடமானம் வைக்காதீர்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பேடி ஓப்பன் வாட்டர் முடித்திருக்கிறேன். அதை வைத்தே டைவர் வேலை கிடைக்குமா?
- கடலூர் வாசகி

பதில்: கிடைக்காதும்மா. அது 18 மீட்டர் வரை ஜாலியாக மீன் பார்த்து வருவதற்கான சான்றிதழ். ஸ்கூபாவிலேயே சம்பாதிக்க வேண்டுமென்றால் டைவ் மாஸ்டர், இன்ஸ்ட்ரக்டர் என்று மேலே படியுங்கள். கமர்ஷியல் டைவிங்குக்கு முதலிலிருந்து தனிப் பயிற்சி எடுக்க வேண்டும்.