ஏழாம் தலைமுறை மடிக்கணினியும் விண்டோஸ் 11உம்: எதற்குச் செலவழிப்பது?

கேள்வி: 2017இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-7200யு புறோசசர், 4 ஜிபி ரம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறாள். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் இதற்கு விண்டோஸ் 11 போட்டுத் தரலாம் என்கிறார்கள். மற்றொரு கடையில் புதிது வாங்குவதுதான் வழி என்கிறார்கள். எதைச் செய்வது? (ஒரு தந்தை, நெல்லியடி)

பதில்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அதனால் உங்கள் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மட்டுமே வராது. இணையவழி வங்கிச் சேவையும் பாடசாலை வேலையும் ஒரே கணினியில் நடக்கும் வீட்டில், விண்டோஸ் 10ஐ விட்டு மாறுவதற்கு அதுவே போதிய காரணம்.

விண்டோஸ் 11 கேட்பவை இவை: இரண்டு கருக்களுக்குக் குறையாத 64 பிட் புறோசசர், 4 ஜிபி ரம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பிடம், செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு. இவற்றில் டிபிஎம் பற்றியே பலரும் கலங்குகிறார்கள். ஆனால் பல கணினிகளில் அது பயோஸில், அதாவது கணினியின் தொடக்க அமைப்புகளில், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதே தவிர இல்லாமல் இல்லை. இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். உங்களைத் தடுப்பது டிபிஎம் அன்று, புறோசசர். சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையுமே மைக்ரோசொப்ட்டின் பட்டியலில் உண்டு. புறோசசரின் பெயரில் சிறு கோட்டுக்குப் பின்வரும் எண்ணைப் பாருங்கள்: 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஒரு படியால் தவறிவிட்டீர்கள்.

முதற்கடைக்காரர் சொல்வது போல, நிறுவும்போது நடக்கும் இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிச் சென்று விண்டோஸ் 11ஐ நிறுவ முடியும்தான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி நிறுவிய கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறிவிட்டு, அந்தப் பாதுகாப்பே நிச்சயமில்லாத இடத்தில் போய் நிற்பதில் பயனில்லை.

இரண்டாம் கடைக்காரர் சொல்வதை ஏற்பதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். கணினி மந்தமாக இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, திறக்கும் பட்டியலில் டிஸ்க் என்ற செங்குத்து வரிசையைக் கவனியுங்கள். அது 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால், மந்தத்துக்குக் காரணம் புறோசசர் அன்று, சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் எடுக்கும். இயங்குதளமோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடிப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடக்கூடிய, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பும் இல்லை. 4 ஜிபி ரம் நிரம்பியதும் மிச்சத் தரவு டிஸ்குக்குத் தள்ளப்படுவதால் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. 4 ஜிபி என்று மைக்ரோசொப்ட் எழுதியிருப்பது வாசலைத் தாண்டுவதற்கான அளவுதான். உள்ளே நிம்மதியாக இருக்க 8 ஜிபி வேண்டும், புதிதாக வாங்குபவருக்கு 16 ஜிபி நல்லது.

ஆகவே என் ஆலோசனை: முதலில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், அடுத்து 4 ஜிபி ரம் ஒன்றும் போடுங்கள். ரம் வாங்குமுன் கணினியின் அடிமூடியைத் திறந்து, மேலதிக இடம் இருக்கிறதா, உள்ளே இருக்கும் ரம்மின் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்3எல்லா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. கழற்றிய ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பி உறை ஒன்றில் இட்டால் படங்களையும் பாடக்குறிப்புகளையும் பிரதியெடுத்து வைக்க உதவும்.

இயங்குதளமாக, விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவுங்கள். அதற்கு 2029 வரை இற்றைப்படுத்தல்கள் உண்டு. மகள் படிக்கும் பைதன், எச்டிஎம்எல், தரவுத்தளம் ஆகிய மூன்றும் அதில் தடையின்றி நடக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதேனும் கட்டாயம் என்றால், விண்டோஸ் 10ஐ வைத்துக்கொண்டு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பதியலாம். ஆனால் தனிநபர்களுக்கென அறிவிக்கப்பட்ட அந்தக் காலம் 2026 அக்டோபர் 13 வரைதான்.

பின்னொரு நாள் பாவித்த கணினி வாங்க நேர்ந்தால் 'ஐ7' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்காம் தலைமுறை ஐ7க்கு விண்டோஸ் 11 இல்லை. எட்டாம் தலைமுறை ஐ3க்கு உண்டு. கடையிலேயே மைக்ரோசொப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பல வருடம் ஓடிய கணினி என்பதால் இன்னொன்று: மூடியைத் திறக்கும் அதே நாளில் விசிறியில் படிந்த தூசியையும் நீக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய புறோசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது எஸ்எஸ்டி போட்டும் மாற்றமில்லை என்று கடைக்காரருடன் முரண்பட நேரும்.