அலை அடிக்காத அந்த இடைவெளியில் பிள்ளைகளை விடலாமா?

விடாதீர்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடைய, நடுவே பத்து மீட்டர் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் அமைதியாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் ரிப் கரண்ட், அதாவது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலைகள் கரையில் தள்ளிய நீர், மணல்திட்டில் உள்ள பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. பள்ளம் ஆழம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதனால்தான் பார்க்கச் சாதுவாகத் தெரிகிறது.

இறங்கும் முன் மேட்டு மணலில் நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். அந்த இடத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா, நுரை கடலை நோக்கி நகர்கிறதா? ஒரு தேங்காய் மட்டையை வீசிப் பாருங்கள். அது கடலுக்குள் இழுபட்டுப் போனால் சந்தேகமே வேண்டாம், ரிப் கரண்ட்தான்.

மாட்டிக்கொண்டால்:

1. கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். அதில் நீச்சல் வீரரே தோற்பார். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.
2. தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் கரைக்குத் திரும்புங்கள்.
3. கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது (அப்பாக்கள் செய்வது இதைத்தான்). மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனை வீசிவிட்டு 112-ஐ அழையுங்கள்.

ஆனால் கரையில் நின்று கவனிக்கும் இந்தச் சோதனை, கள்ளக்கடல் என்னும் திடீர்க் கடலேற்றத்துக்கு உதவாது. தொலைவில் கிளம்பிய அலை, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரென ஏறி வரும். இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) எச்சரிக்கை இருக்கும் நாளில் கணுக்கால் அளவு தண்ணீரும் வேண்டாம்.